யார் காசில் அழுகிறது பாட்டு

தமிழில் ஷீட் மியூசிக் என்று தனியாக ஒரு சரக்கு இருந்ததில்லை. சுரக்குறிப்போடு அச்சான கீர்த்தனைப் புத்தகங்கள் உண்டு. ஆனால் அவை வாத்தியார் முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொள்பவர்களுக்கானவை. கடைத்தெருவில் வாங்கி, சட்டைப்பையில் மடித்து வைத்து, பாடிப் பாடி நைந்துபோகிற காகிதம் என்றால் நமக்குப் பாட்டுப் புத்தகம்தான். மதுரையில் புதுமண்டபத்துக் கடைகளிலும் சினிமா கொட்டகை வாசலிலும் விற்ற அந்தச் சின்னப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு தெரியும். மேலட்டையில் ஒரு படம். உள்ளே மட்டரகத் தாளில் வரிகள். பழைய நாடகப் பாட்டு, கும்மிப் பாட்டு, சிந்துப் புத்தகங்களில் வரிகளுக்கு மேலே இன்னொன்றும் இருக்கும்: இன்ன பாட்டின் மெட்டு என்று ஒரு குறிப்பு.

அந்த ஒற்றை வரிதான் நம்ம ஊர் இசைக்குறிப்பு. மெட்டு ஏற்கெனவே வாங்குகிறவர் தலைக்குள் இருக்கிறது என்ற நம்பிக்கையில் அச்சான காகிதம் அது. என் வேலையின் பாஷையில் சொன்னால், லைப்ரரியை முழுசாக எழுதாமல் இம்போர்ட் செய்கிற ஒரு வரி. அந்த லைப்ரரி எல்லோர் மண்டையிலும் ஏற்கெனவே இன்ஸ்டால் ஆகியிருந்தால்தான் புத்தகம் ஓடும்.

தேசிய இயக்கம் இதை நன்றாகவே பயன்படுத்தியது. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டுகளை விஸ்வநாததாஸ் மேடையில் பாடினார். புராண நாடகத்துக்கு நடுவே, கொக்கை விரட்டுகிற சாக்கில் வெள்ளைக்காரனை விரட்டுகிற பாட்டு வரும். போலீஸ் மேடையிலேயே கைது செய்யும். விஸ்வநாததாஸ் 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தில், மேடையிலேயே உயிர்விட்டார். இதையெல்லாம் தியடோர் பாஸ்கரன் 1981இல் வெளியான தன் ஆங்கில நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். பாட்டைத் தடை செய்தால் மெட்டு தப்பிக்கும், மெட்டைத் தடை செய்ய முடியாது என்பது அந்தக் காலத்து மதுரைக்குத் தெரிந்திருந்தது.

அங்கே எதிரி யார் என்பதில் குழப்பம் இல்லை. கப்பலில் வந்தவன். ஒரே நாட்டுக்குள், பக்கத்து ஊரோடு, சில சமயம் பக்கத்து வீட்டோடு சண்டை நடக்கிறபோது பாட்டு என்ன செய்யும்? அதன் அட்டையில் யார் படம் வரும்? யாருடைய அழுகைக்கு அதில் இடம் இருக்கும்? இந்தக் கேள்விகளை ஈழப் போர்ப்பாடல்களிடம் கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் ஒரு தூரத்து ஊருக்குப் போய்வரலாம்.

*

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861இலிருந்து 1865 வரை நடந்தது. 6,00,000 பேருக்கு மேல் இறந்தார்கள். எடிசனின் ஃபோனோகிராஃப் 1877இல்தான் வருகிறது. ஆகவே அந்தப் போர்க்காலத்தில் ஒரு பாட்டு ஒரு வீட்டுக்குள் நுழைய வாய் வழி இல்லாவிட்டால் காகித வழிதான். நடுத்தர வர்க்க வீடுகளின் முன்னறையில் பியானோ இருந்தது. அதை வாசிக்கக் கற்றுக்கொண்டவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அவர்களை நோக்கித்தான் பதிப்பாளர்கள் பாட்டுத் தாள்களை அச்சடித்தார்கள். லித்தோகிராஃப் அச்சில் படம் போட்ட மேலட்டை: கொடி பிடித்த சிப்பாய், களத்தில் விழுந்து கிடக்கும் முரசறையும் சிறுவன், கணப்படுப்புப் பக்கம் காத்திருக்கும் அம்மா. பாட்டைக் கேட்பதற்கு முன்னால் கடைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து படம் கூப்பிடும்.

அந்தப் பாட்டுகளில் படை திரட்டுகிற பாட்டுகள் நிறைய. ஜார்ஜ் ரூட் 1862இல் எழுதிய 'பேட்டில் க்ரை ஆஃப் ஃப்ரீடம்' வடக்குப் படையின் பாட்டு. அதன் மெட்டு தெற்குக்கும் பிடித்துப்போய், அவர்கள் தங்களுக்கென்று வேறு வரி எழுதிக்கொண்டார்கள். தெற்கின் கீதமாகிப்போன 'டிக்ஸி' பிறந்ததோ வடக்கில். ஒஹையோக்காரரான டேனியல் எம்மெட் 1859இல் நியூயார்க் மேடைக்காக உருவாக்கியது. போர் முடிகிற நேரத்தில், 1865 ஏப்ரல் 10 அன்று, லிங்கன் தன் முன் நின்ற பேண்டு வாத்தியக்காரர்களிடம் அதையே வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மெட்டுக்குக் கட்சி கிடையாது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு பாட்டு. 'வென் திஸ் க்ரூயல் வார் இஸ் ஓவர்' என்று 1863இல் வந்தது. போருக்குப் போனவனை நினைத்து ஒரு பெண் தனியாக அழுகிறாள், அவ்வளவுதான் விஷயம். இந்தப் பாட்டுத் தாள் பத்து லட்சம் பிரதிகள் போனதாகச் சொல்வார்கள். வடக்கும் வாங்கியது, தெற்கும் தன் பங்குக்கு அச்சடித்துக்கொண்டது. சிப்பாய்கள் மனம் உடைந்துபோகிறார்கள் என்று சில தளபதிகள் முகாமில் இதைப் பாடக்கூடாது என்று தடுத்ததாகவும் கதை உண்டு. போர் மும்முரமாக நடக்கிறபோதே, 'இந்தக் கொடுமை எப்போது முடியும்' என்று கேட்கிற பாட்டு அந்தப் போரின் மிகப் பெரிய ஹிட் பாட்டுகளில் ஒன்றாக இருந்திருக்கிறது.

எப்படி முடிந்தது? பதிப்பாளரின் நல்ல மனசெல்லாம் காரணமில்லை. பாட்டுத் தாளை வாங்கியது அரசாங்கமோ படையோ அல்ல. மகனையும் கணவனையும் அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த பெண் தன் காசைக் கொடுத்து வாங்கினாள். அவளுக்கு அழ வேண்டியிருந்தது. சந்தை அழுகையை விற்றது.

சந்தையை இதற்காகத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டியதில்லை. அது யாரை வாடிக்கையாளராகப் பார்த்ததோ அவருடைய கண்ணீரை மட்டும்தான் அச்சடித்தது. போரின் அடிக்காரணமான அடிமைகளுக்குப் பியானோ கிடையாது. அந்த மேலட்டைகளில் கறுப்பின மக்கள் வந்தபோது பெரும்பாலும் கேலிச்சித்திரமாகத்தான் வந்தார்கள். அவர்களுடைய சொந்தப் பாட்டுகள் புத்தகமாகத் தொகுக்கப்பட்டு 'ஸ்லேவ் சாங்ஸ் ஆஃப் தி யுனைடட் ஸ்டேட்ஸ்' என்று வெளிவந்தது 1867இல், போர் முடிந்து இரண்டு வருஷம் கழித்து. அதுவரை அவை வாயில் மட்டும் இருந்தன.

ஆக, ஒரு போர்ப்பாட்டை எடை போட எனக்கு ஒரு கேள்வி கிடைக்கிறது: இந்தப் பாட்டுக்கு யார் காசு கொடுத்தார்கள்? காசு கொடுக்காதவர்களின் பாட்டு எங்கே இருக்கிறது?

*

இப்போது இலங்கைக்கு வருவோம். போருக்கு முந்தைய தலைமுறையில் இலங்கைத் தமிழரின் வெகுஜனப் பாட்டு என்றால் பொப்பிசை. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றவர்கள் பைலா தாளத்தில் மாமியையும் கள்ளையும் காதலையும் கிண்டலடித்துப் பாடினார்கள். மனோகரனின் 'சுராங்கனி' சிங்களமும் தமிழும் கலந்து, கடல் தாண்டி நம்ம கல்யாண வீடுகள் வரை வந்தது. இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. போர்த்துக்கீசியரோடு வந்து ஊன்றிய பைலாவில் ஆடிய கால்கள் இரண்டு இனத்துக்கும் சொந்தமாக இருந்தன.

1983 ஜூலைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. இடத்தைப் பிடித்தது எழுச்சிப் பாடல். இதில் முதல் கட்டத்துக்குத் தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்பு உண்டு. வாணி ஜெயராம், டி.எல். மகாராஜன் போன்ற சினிமாப் பின்னணிக் குரல்கள் அந்த ஒலிநாடாக்களில் பாடின. தபேலா, புல்லாங்குழல், வயலின் கூட்டம், கோரஸ் எல்லாம் எண்பதுகளின் தமிழ் சினிமா அடுக்கு. பழைய பாட்டுப் புத்தகத்தில் 'இன்ன மெட்டு' என்ற வரி செய்த வேலையை இங்கே மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் செய்தது. ஏற்கெனவே நம் காதில் இருந்த சினிமாவை இம்போர்ட் செய்து அதன் மேல் போரை எழுதினார்கள். அதனால்தான் முதல் தடவை கேட்கிறபோதே அவை நமக்குப் பழகிய பாட்டு மாதிரி இருக்கின்றன.

மதுரைக்கும் இதில் பங்கு உண்டு. 1982 பாண்டி பஜார் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு பிரபாகரன் நிபந்தனை ஜாமீனில் தங்கியிருந்தது இந்த ஊரில்தான். 1986 மே 4 அன்று டெசோ மாநாடு நடந்ததும் இங்கேதான். வாஜ்பாயும் என்.டி. ராமாராவும் வந்தார்கள். அந்த வருஷங்களில் ஈழப் பாட்டு என்பது ஒளித்துக் கேட்க வேண்டிய ஒன்றாக இருக்கவில்லை. 1991 மே 21 எல்லாவற்றையும் மாற்றியது. 1992 மே மாதம் இந்தியா புலிகள் இயக்கத்தைத் தடை செய்தது. காளவாசல் பக்கம் கேசட் பதிவு செய்து கொடுக்கிற கடை வைத்திருந்த ஒரு அண்ணன் பிற்பாடு சொன்னார்: "கேக்குறவங்க நிக்கல தம்பி. லேபிள்ல பேரு எழுதுறததான் நிறுத்துனோம்." அட்டைப்படம் இல்லாத, பெயர் எழுதாத கேசட்டாக அந்தப் பாட்டு இங்கே சுற்றியது.

1862இல் நியூ ஆர்லியன்ஸைப் பிடித்த ஜெனரல் பட்லர், 'போனி ப்ளூ ஃப்ளாக்' என்ற தெற்கத்திப் பாட்டை அச்சடித்த பதிப்பாளரைப் பிடித்து அபராதம் போட்டு, பாட்டுத் தாள்களை அழித்ததாகச் சொல்வார்கள். பாட்டுக்குப் பயப்படுவதில் எந்த அரசும் எந்த அரசுக்கும் சளைத்ததில்லை. சிங்களத் தரப்பிலும் இது நடந்தது. எண்பதுகளின் கடைசியில் நந்தா மாலினியின் 'பவன' பாடல்களை இலங்கை அரசு வானொலி ஒலிபரப்ப மறுத்தது. அவை சிங்கள இளைஞர்களின் கோபத்தைப் பாடியவை.

*

இரண்டாம் கட்டம் யாழ்ப்பாணத்துக்குள்ளேயே நடந்தது. 1990இல் போர் மறுபடி தொடங்கியதும் வடக்கில் மின்சாரம் போயிற்று. பேட்டரி, எரிபொருள் உட்படப் பலதுக்கும் அரசு தடை. பத்திரிகைகள் பள்ளிக்கூட நோட்டுக்கான கோடு போட்ட தாளில் அச்சாயின. 1863இல் முற்றுகையில் இருந்த விக்ஸ்பர்க் நகரத்துப் பத்திரிகை சுவரில் ஒட்டுகிற தாளின் பின்பக்கத்தில் அச்சானது நினைவுக்கு வருகிறது. முற்றுகைகள் ஒன்றையொன்று காப்பி அடிக்கின்றன.

1990 நவம்பர் 21 அன்று புலிகளின் குரல் வானொலி தொடங்கியது. ஆனால் ரேடியோவுக்கு மின்சாரம்? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் ரேடியோவும் டேப்பும் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோ தருவது ஆறு வோல்ட், மூன்று வாட் அளவு. ஒரு சின்ன பல்பை எரிய வைக்கிற சக்தி. சுற்றுகிற கை தளர்ந்தால் டேப்பின் மோட்டார் தளரும், பாட்டு இழுபடும். மறுபடி வேகமாகச் சுற்ற வேண்டும். உலகத்தில் பாட்டு கேட்க இவ்வளவு உடம்பு உழைப்பு கொடுத்த ரசிகர்கள் வேறு எங்காவது இருந்தார்களா என்று தெரியவில்லை. இந்தப் பாட்டுகளை வெறும் பிரச்சாரம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குகிறவர்கள் இந்தக் கையை நினைத்துக்கொள்ள வேண்டும். கேட்கிறவர்களுக்கு அது தேவைப்பட்டது.

இந்தக் கட்டத்தின் மையக் கவிஞர் புதுவை இரத்தினதுரை. இயக்கத்தின் கலை பண்பாட்டுக் கழகப் பொறுப்பாளர், 'வெளிச்சம்' இதழை நடத்தியவர். அவருடைய மரபுச் சந்தம் அபாரமானது. வாய்க்கு வருகிற சொல்லும் மெட்டுக்கு உட்காருகிற சொல்லும் அவரிடம் ஒன்றாகவே வரும். எஸ்.ஜி. சாந்தன் போல மேடை நாடகத்தில் பழுத்த குரல்கள் அதைப் பாடின. 2017இல் சாந்தன் இறந்தபோது திரண்ட கூட்டம், அந்தக் குரல் ஊருக்கு என்னவாக இருந்தது என்பதைக் காட்டியது.

அந்த ஒலிநாடாக்களின் மேலட்டைகளையும் பார்க்க வேண்டும். தீச்சுடர், கார்த்திகைப்பூ, ஈழ வரைபடம், அந்தி வானத்துக்கு முன்னால் கறுப்பு நிழலுருவாகத் துப்பாக்கி ஏந்திய ஒருவர். உயிரோடு இருக்கிற சாதாரணப் போராளியின் முகம் அபூர்வம். முகம் கிடைப்பது செத்த பிறகு. அமெரிக்கத் தாளில் வாங்குகிற பெண் தன்னைப் போன்ற ஒருத்தியை அட்டையில் பார்த்தாள். இங்கே அட்டையில் இருப்பது ஒரு காலி அச்சு. நிழலுருவுக்கு முகம் இல்லாததால் யார் முகம் வேண்டுமானாலும் அதில் பொருந்தும். கேட்கிற பதினாறு வயசுப் பையனின் முகமும்.

*

பாட்டின் உள்ளே போனால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மாவீரர் நாள் பாட்டை எடுத்துக்கொள்கிறேன். புதுவை எழுதியது, இசை கண்ணன், பாடியவர் வர்ணராமேஸ்வரன். மாவீரர் நாள் 1989இலிருந்து அனுசரிக்கப்படுகிறது. நவம்பர் 27 மாலை 6.05க்கு மணி, 6.06க்கு மௌனம், 6.07க்குச் சுடர். அதன் பிறகு இந்தப் பாட்டு. இன்றைக்கும் உலகத்தில் எங்கெல்லாம் ஈழத்தமிழர் இருக்கிறார்களோ அங்கெல்லாம் ஒரே நாளில் பாடப்படுகிறது.

பாட்டு கல்லறைக்குள் இருப்பவர்களை நேராகக் கூப்பிடுகிறது. கண்ணைத் திறக்கச் சொல்கிறது. உங்களைப் பெற்றவர்கள் வந்திருக்கிறார்கள், தோழிகள் வந்திருக்கிறார்கள் என்கிறது. இந்த இடத்தில் இது அச்சு அசல் ஒப்பாரி. செத்தவரை எதிரில் வைத்துப் பேசுவது, வந்திருக்கிற உறவுகளை வரிசையாகச் சொல்வது, எழுந்திரு என்று கெஞ்சுவது எல்லாம் ஒப்பாரியின் இலக்கணம். நம்ம பாட்டிகள் யாராவது ஒப்பாரி வைத்துக் கேட்டவர்களுக்கு அடிவயிறு கலங்குவது இதனால்தான்.

ஆனால் ஒப்பாரியில் இன்னொரு பகுதி உண்டு. சண்டை. 'என்னை இப்படி விட்டுட்டுப் போனியே' என்று செத்தவரைத் திட்டுவாள். கட்டிக் கொடுத்த அப்பனை, கவனிக்காத கொழுந்தனை, கண்ணில்லாத சாமியை ஒருவர் பாக்கியில்லாமல் இழுத்து வைத்துக் கேள்வி கேட்பாள். சாவு வீட்டில் மட்டும் அவளுக்குக் கிடைக்கிற உரிமை அது. மாவீரர் பாட்டில் கூப்பிடுதல் இருக்கிறது, சண்டை இல்லை. சண்டை வர வேண்டிய இடத்தில் வணக்கமும் சத்தியமும் வந்து உட்கார்கின்றன. உங்கள் வழியில் நடப்போம், வலிமை கொடுங்கள்.

சொற்களும் இதையே செய்தன. சுடுகாடு துயிலும் இல்லம் ஆனது. பிணம் வித்துடல் ஆனது. புதைத்தல் விதைத்தல் ஆனது. அழகான சொற்கள்தான். தமிழுக்குப் புதிதாகக் கிடைத்த சொற்களும்கூட. ஆனால் விதை என்று சொன்னவுடனே ஒரு கணக்கு உள்ளே வந்துவிடுகிறது. விதைத்தால் முளைக்க வேண்டும். முளைப்பது யார்? அடுத்த பிள்ளை. அம்மாவின் அழுகை முடிவதற்குள்ளேயே அது அடுத்த விதைப்புக்கு நீராகிவிடுகிறது. யுனிசெஃப் 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு புலிகள் படையில் சேர்த்த சிறுவர்களாக ஆயிரக்கணக்கானோரைப் பதிவு செய்தது. பாட்டு அவர்களைச் சேர்த்தது என்று நான் சொல்லவில்லை. குண்டு வீச்சும், பசியும், கட்டாயமும் சேர்த்தன. ஆனால் 'அனுப்ப மாட்டேன்' என்று ஒரு அம்மா சொல்வதற்கான பாட்டு அந்த ஒலிநாடாக்களில் நான் கேட்டவரை ஒன்றுகூட இல்லை.

இல்லாத பாட்டுகள் இன்னும் உண்டு. 1986இல் டெலோ இயக்கத்தின் பையன்கள் புலிகளால் கொல்லப்பட்டார்கள். அவர்களும் அதே மண்ணின் பிள்ளைகள். அவர்களுக்குச் சுடர் இல்லை. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் துரத்தப்பட்டார்கள். மண்ணைப் பற்றி அத்தனை பாட்டு எழுதிய இயக்கத்திடம், அந்த மண்ணை விட்டு நடந்தவர்களைப் பற்றிப் பாட்டு இல்லை. இங்கே பாட்டுக்குக் காசு கொடுத்தது இயக்கம். ஸ்டூடியோ இயக்கத்துடையது, வானொலி இயக்கத்துடையது, கவிஞரும் பொறுப்பாளர். சந்தை தன் வாடிக்கையாளருக்குத் தேவையானதை மட்டும் அழுதது. இயக்கம் தனக்குத் தேவையானதை மட்டும் அழுதது.

*

இதற்கு ஒரு நியாயமான பதில் இருக்கிறது. நான் அதை இயக்க அனுதாபிகளான நண்பர்களிடம் பல தடவை கேட்டிருக்கிறேன். முன்னறையில் பியானோ வைத்திருந்த வெள்ளைக்காரியையும், தலைக்கு மேல் விமானம் சுற்றுகிறபோது பதுங்குகுழிக்குள் இருந்தவளையும் ஒப்பிடுவது என்ன நேர்மை? சாகக் கிடக்கிற சமூகத்துக்குச் சந்தேகம் ஒரு ஆடம்பரம். முதலில் தைரியம் வேண்டும், கேள்வியெல்லாம் அப்புறம்.

இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. நான் காளவாசலில் பாலத்துக்கு அடியில் டீ குடித்துக்கொண்டு ஹெட்போனில் இந்தப் பாட்டைக் கேட்கிறவன். யாரும் எனக்கு மேல் குண்டு போடவில்லை. ஆனால் முற்றுகைதான் காரணம் என்ற வாதம் இரண்டு இடத்தில் நிற்கவில்லை.

முதலாவது, முற்றுகையிலும் அப்படிப்பட்ட பாட்டு வந்திருக்கிறது. அமெரிக்கத் தெற்கு 1864இல் காகிதத்துக்கே திண்டாடிக்கொண்டிருந்தபோது அச்சானது 'சம்படீஸ் டார்லிங்'. ஆஸ்பத்திரியில் பேர் தெரியாமல் சாகிற ஒரு பையனைப் பற்றியது. அதில் சபதம் இல்லை. எந்த அம்மா பெற்ற பிள்ளையோ என்கிற தவிப்புதான் இருக்கிறது. தோற்றுக்கொண்டிருந்த பக்கம், அதுவும் மோசமான ஒரு நோக்கத்துக்காகப் போரிட்ட பக்கம், அந்தப் பாட்டைப் பாடியது.

இரண்டாவது காரணம் நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலேயே சந்தேகம் இருந்தது, எழுதப்பட்டது. 1985இல் யாழ் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர் ஊராக நடித்த 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தில் சாதாரண மக்களின் வலி இருந்தது. அதே வருஷம் 'மரணத்துள் வாழ்வோம்' தொகுப்பு வந்தது. 1986இல் 'சொல்லாத சேதிகள்' என்ற பெண் கவிஞர்களின் தொகுப்பு வந்தது. அதில் எழுதிய சிவரமணி 1991 மே மாதம் தன் கவிதைகளை எரித்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். செல்வி அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார், திரும்பவில்லை. அடுத்த ஆண்டு அவருக்கு பென் அமைப்பின் எழுத்துச் சுதந்திர விருது கிடைத்தது, வாங்க அவர் இல்லை. இந்தப் பெண்களும் அதே குண்டுக்குக் கீழேதான் இருந்தார்கள். அதே இருட்டில், அதே கோடு போட்ட தாளில்தான் எழுதினார்கள். சந்தேகம் அவர்களுக்கு ஆடம்பரமாகத் தெரியவில்லை, உயிரைக் கொடுக்கிற அளவுக்கு அவசியமாகத் தெரிந்தது. முற்றுகை அந்தக் குரல்களை அடைக்கவில்லை. முற்றுகைக்கு உள்ளே இருந்த அதிகாரம் அடைத்தது.

கவிதைக்கு ஒரு பேனாவும் தாளும் போதும். பாட்டுக்கு ஸ்டூடியோ வேண்டும், வாத்தியக்காரர் வேண்டும், கேசட் வேண்டும். உற்பத்திச் செலவு உள்ள கலையைக் கட்டுப்படுத்துவது சுலபம். ஈழத்தின் சந்தேகமெல்லாம் கவிதையில் தங்கிப்போனதற்கும், அதன் உறுதியெல்லாம் பாட்டுக்குப் போனதற்கும் இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். விளைவு என்ன? கவிதையை ஆயிரம் பேர் படித்தார்கள், பாட்டை எல்லோரும் கேட்டார்கள்.

*

நம்ம பக்கம் சுத்தமா? 2002இல் 'கன்னத்தில் முத்தமிட்டால்' வந்தது. ஊரை விட்டு அகதிகள் நடக்கிற காட்சிக்கு எம்.எஸ். விஸ்வநாதனின் வயசான குரலை ரஹ்மான் பயன்படுத்தியிருப்பார். நல்ல பாட்டு. அதில் சபதம் இல்லை, பிரிகிற வலி மட்டும் இருக்கிறது. சந்தை ஈழத்துக்காகவும் அழுதது என்று சொல்லலாம். ஆனால் டிக்கெட் வாங்கியவர் யார்? நாம். கிளைமாக்ஸில் அழுதுவிட்டு இடைவேளை பாப்கார்னின் மிச்சத்தோடு வெளியே வந்தவர்கள். அந்தப் பாட்டு நம் கண்ணீருக்கான பாட்டு. அவர்களுடைய நடை அதற்குக் காட்சிப்பொருள்.

இப்போது சந்தையும் இயக்கமும் ஒன்றாகக் கலந்துவிட்டன. நவம்பர் கடைசி வாரத்தில் நம் ஊர்ச் சந்திப்புகளில் கட்டுகிற ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டுகள் வரும். பக்கத்தில் ஃப்ளெக்ஸ். ரீல்ஸில் முப்பது வினாடி துண்டாக வரும், மேலே புலி, தீ, தேர்தல் சின்னம். கேசட் அட்டையின் வேலையைத் தம்ப்னெய்ல் செய்கிறது. சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்ட பாட்டை நாம் கட்டை விரலால் தள்ளிக் கேட்கிறோம். அந்தப் பாட்டுக்குக் காசு கொடுத்தவர்களும் உயிர் கொடுத்தவர்களும் வேறு ஆட்கள். வீரம் மட்டும் நமக்கு ஓசியில் கிடைக்கிறது. என் வயசுக்காரர்களும் தம்பிகளும் இதில் புல்லரித்துப் போகிறபோது எனக்கு உறுத்துவது இந்த ஓசிதான்.

கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தடை செய்தால் மெட்டு தப்பிக்கும் என்று மதுரைக்கு எப்போதோ தெரியும். புதுவையின் சந்தத்தையும் சாந்தனின் குரலையும் தமிழ்ப் பாட்டு வரலாற்றிலிருந்து யாரும் எடுக்க முடியாது, எடுக்கவும் வேண்டாம். ஆனால் அந்தப் பாட்டைக் கேட்கிற அன்றைக்கே செல்வியின் ஒரு கவிதையையும் படிக்க வேண்டும். ஒன்று மற்றொன்றை ரத்து செய்யாது. ஒன்றில்லாமல் மற்றொன்று பாதிதான். இரண்டையும் சேர்த்தால்தான் அந்த ஊரில் மனுஷர்கள் இருந்தார்கள் என்பது தெரியவரும். பாட்டை மட்டும் கேட்டால் நிழலுருக்கள்தான் மிஞ்சும்.

*

2009 மே மாதம் எல்லாம் முடிந்தது. துயிலும் இல்லங்களை ராணுவம் புல்டோசர் வைத்துத் தரைமட்டமாக்கியது. கல்லறைகளே இல்லாதபோது, கல்லறையைப் பார்த்துக் கண் திற என்று பாடுகிற பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று யோசித்தால் நெஞ்சு அடைக்கிறது. புதுவை இரத்தினதுரை அந்த மே மாதம் ராணுவத்திடம் சரணடைந்தார். அதன் பிறகு அவரைப் பற்றிய தகவல் இல்லை. செத்தவர்களுக்கு அத்தனை பாட்டு எழுதியவருக்கு, செத்தார் என்று சொல்லவும் ஒரு அரசாங்கம் தயாராக இல்லை.

2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்னால், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் உட்கார்ந்தார்கள். வருஷக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அவர்களில் சிலர் பிள்ளைகளை இயக்கம் கொண்டுபோயிருக்கிறது, பிறகு ராணுவம் கொண்டுபோயிருக்கிறது. ஒரே பிள்ளையை இரண்டு தரப்பும் எடுத்துக்கொண்ட வீடுகள் உண்டு. அழுகிறபோது அவர்கள் யாருக்கும் சபதம் செய்து கொடுப்பதில்லை. 'என்ட பிள்ளையத் தா' என்று கேட்கிறார்கள். ராணுவத்தை, அரசாங்கத்தை, ஐ.நா.வை, கடவுளை எல்லோரையும் இழுத்து வைத்துத் திட்டுகிறார்கள். மாவீரர் பாட்டில் காணாமல் போயிருந்த அந்தச் சண்டை இங்கே திரும்பி வந்திருக்கிறது.

இதற்கு இசையமைப்பாளர் இல்லை, ஸ்டூடியோ இல்லை. பதிப்பாளரும் இயக்கமும் காசு போடவில்லை. அதனால் இதை யாரும் வெட்டித் திருத்தவும் முடியவில்லை. படம் மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு அம்மாவும் லேமினேட் செய்த ஒரு போட்டோவை நெஞ்சில் சாய்த்துப் பிடித்திருக்கிறாள். அதில் நிழலுரு இல்லை. மீசை அரும்பாத, பள்ளிக்கூடத்து அடையாள அட்டைக்கு எடுத்த, கொஞ்சம் முறைத்துப் பார்க்கிற ஒரு முகம் இருக்கிறது. பெயரும் தேதியும் கீழே எழுதியிருக்கிறது.